உப்பும் தேங்கிய நீரும்: கடலோரத்தில் மரம் நடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலோர ஊர்களில் நட்ட கன்று பட்டுப்போனால், மண்ணில் உப்பு அதிகம் என்று சொல்லி அடுத்த கன்றைத் தேடுவதே வழக்கமாக இருக்கிறது. வேரடியில் நாள் கணக்கில் தேங்கி நின்ற நீரை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. இதுவே எல்லாவற்றிலும் பெரிய தவறு. மண்நீரில் கரைந்துள்ள சோடியத்தை உள்ளே விடாமல் தடுக்கவும், மீறி நுழைந்ததை வெளியே தள்ளவும் வேர்களுக்கு ஆற்றல் வேண்டும். அந்த ஆற்றல் சுவாசத்தால் கிடைப்பது. சுவாசத்திற்கோ ஆக்சிஜன் தேவை. காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகவே ஆக்சிஜன் நீரில் பரவுகிறது. எனவே மண்ணின் துளைகளை நீர் அடைத்துக்கொண்டால் வேர் மூச்சுத் திணறுகிறது. உப்பைத் தாங்கக்கூடிய மரமும் அந்த நிலையில் உப்பை இலைவரை ஏறவிட்டுவிடுகிறது.

மரத்தேர்விலும் இந்தக் குழப்பம் தொடர்கிறது. வேம்பு ஓரளவு உப்பைத் தாங்கும், ஆனால் தேங்கிய நீரைத் தாங்காது. முருங்கையின் நிலை இன்னும் மோசம். ஐப்பசி, கார்த்திகை மழையில் நீர் நிற்கும் தாழ்வான இடத்திற்கு உப்பு, தேங்கிய நீர் இரண்டையும் பொறுத்துக்கொள்ளும் புங்கமே ஏற்றது.

நீரில் நிற்கும் மரம் வாடுவதைக் கண்டு மேலும் நீர் விடுவது அடுத்த தவறு. மூச்சிழந்த வேரால் நீரை உறிஞ்ச முடியாததால்தான் இலை தொங்குகிறது. ஐயமிருந்தால் வேரடியை ஒரு முழம் தோண்டிப் பாருங்கள்: மண் கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் வீசி, நுனிவேர் தொட்டவுடன் தோல் உரிந்து வந்தால், வடிகால்தான் முதல் மருந்து. அந்த நேரத்தில் உரம் இடுவது உப்பின் மேல் உப்பைச் சேர்ப்பதாகும்.

உவர் நிலத்தையும் களர் நிலத்தையும் ஒன்றாக எண்ணி, இரண்டிலும் ஜிப்சத்தைக் கொட்டுவோர் பலர். களர் நிலத்தில் சோடியம் களிமண் துகள்களோடு ஒட்டிக்கொண்டு மண்ணை இறுக்கிவிடுவதால், அதைப் பெயர்த்தெடுக்க ஜிப்சத்திலுள்ள கால்சியம் உதவுகிறது. உவர் நிலத்திலோ உப்பு கரைந்த நிலையில் இருப்பதால், நல்ல நீரைத் தேக்கி வடித்தாலே போதும். அங்கே ஜிப்சம் வீண் செலவு. மண் பரிசோதனைக்கு ஆகும் சிறு தொகை இந்தச் செலவை மிச்சப்படுத்தும்.

கழிமுகச் சேற்றில் வளரும் அலையாத்தி மரங்கள் உப்பை விரும்புகின்றன என்ற நம்பிக்கையைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நல்லெண்ணத்தோடு நடப்பட்ட ஏராளமான கன்றுகள் அதனால் வீணாகின்றன. அலையாத்தி வகைகளுள் ஒன்றான வெண்கண்டலின் இலையை வெயில் நேரத்தில் உற்றுப் பார்த்தால், மேற்பரப்பில் பொடிப்பொடியாக உப்புப் பரல்கள் மின்னும். நாவில் வைத்தால் கரிக்கும். வேர் வடிகட்டியதற்குத் தப்பி வந்த உப்பை இலையிலுள்ள சுரப்பிகள் வெளியேற்றியதன் அடையாளம் அது. மற்றொரு வகையான சுரபுன்னைக்கு அத்தகைய சுரப்பிகள் இல்லை; அது பெரும்பாலும் வேரின் வடிகட்டலையே நம்பியிருக்கிறது. இவை எல்லாம் உப்போடு நடத்தும் போராட்டமே; ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் இடத்தில்தான் இம்மரங்கள் செழிக்கின்றன.

பிச்சாவரத்தில் ஒரு காலத்தில் அலையாத்திக் காட்டைப் பகுதி பகுதியாக முழுவதும் வெட்டியெடுத்தார்கள். மரநிழல் போன இடங்களில் ஈரம் காய்ந்து தரை தொட்டிபோல் தாழ்ந்தது. கடல் ஏற்றத்தின்போது புகுந்த நீர் வற்றத்தின்போது வெளியேறாமல் அங்கேயே ஆவியாக, உப்பு மட்டும் ஏறிக்கொண்டே போனது. அத்தகைய தரையில் கன்றை மட்டும் நட்டுப் பயனில்லை. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து, மீன் முள்ளின் அமைப்பில் வாய்க்கால்களை வெட்டி, அலை வந்து திரும்ப வழி செய்த பிறகே கன்றுகள் பிழைத்தன.

கடைசியாக, மூச்சு வேர்களை மூடும் தவறு. வெண்கண்டலைச் சுற்றிச் சேற்றிலிருந்து பென்சில் போல் நிமிர்ந்து நிற்பவை புதிய கன்றுகள் அல்ல. தோலிலுள்ள நுண்துளைகள் வழியே காற்றை இழுத்து, அடிவேருக்கு அனுப்பும் குழாய்கள் அவை. வாய்க்கால் தூர்வாரிய சேற்றை அவற்றின் மேல் கொட்டினால், ஓங்கி வளர்ந்த மரமும் நின்ற இடத்திலேயே பட்டுவிடும். அச்சேற்றை அப்பால் கொண்டுபோய்க் கொட்ட ஆகும் கூலியை வேலைத் திட்டத்திலேயே சேர்த்துவிட வேண்டும்.