டாங்கியின் மேலே இருக்கும் திருச்சி துப்பாக்கியை அடையாளம் காண்பது எப்படி?

குடியரசு தின அணிவகுப்பில் டி-72 அஜேயா டாங்கியோ டி-90 பீஷ்மா டாங்கியோ வந்தால், எல்லாரும் அந்த நீளமான 125 மி.மீ. பீரங்கியைத்தான் பார்ப்பார்கள், அதை விடுங்கள். பீரங்கியைத் தாங்கிச் சுழலும் கோபுரத்தின் உச்சியில், தளபதி தலை நீட்டும் மூடிக்குப் பக்கத்தில் பாருங்கள். மொழுமொழுவென்று நீண்ட குழல், அதன் நுனியில் கூம்பு மாதிரி விரியும் வாய், பக்கத்தில் தோட்டாப் பெட்டி இருந்தால் அது 12.7 மி.மீ. என்.எஸ்.வி. என்ற கனரக இயந்திரத் துப்பாக்கிதான். சோவியத் வடிவமைப்பு, ஆனால் உரிமம் வாங்கித் தயாரிப்பது நம்ம திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை.

சரி, டாங்கியில் இருக்கும் இன்னொரு இயந்திரத் துப்பாக்கி எங்கே? பீரங்கியை ஒட்டிக் கவசத்தில் சின்ன ஓட்டை தெரியும், பலர் தவறவிடுவது இதைத்தான். உள்ளே 7.62 மி.மீ. பி.கே.டி. என்ற அந்த இயந்திரத் துப்பாக்கி ஒளிந்திருக்கிறது, பீரங்கி திரும்பும் பக்கமெல்லாம் அதுவும் திரும்பும்.