லண்டன் பிள்ளைகள் சொல்லும் 'பேர்'

லண்டன் பஸ்ஸில் பள்ளிப் பிள்ளைகள் பேசுவதைக் கேட்டால் 'பேர் பீப்பிள்', 'பேர் ஹோம்வொர்க்' என்று காதில் விழும். ஆங்கிலத்தில் bare என்று எழுதும் சொல் இது; 'பஸ்' என்பதில் வரும் 'ப' ஒலிதான் இதற்கும். நாம் படித்த ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு வெறுமையான, மூடாத என்று பொருள். அங்கே தெருவில் அது தலைகீழ்: நிறைய, ஏகப்பட்ட. 'பேர் பீப்பிள்' என்றால் ஆள் இல்லை என்பதல்ல, அவ்வளவு கூட்டம்! இது தெரியாவிட்டால் சொன்னதற்கு நேர் எதிராகப் புரிந்துகொள்வோம்.

இந்தப் பொருள் எப்படி வந்தது? ஜமைக்காவின் கிரியோல் பேச்சில் (ஆங்கிலமும் ஆப்பிரிக்க மொழிகளும் கலந்து பிறந்த மொழி) இதே சொல்லுக்கு 'அது மட்டுமே, வேறொன்றும் இல்லை' என்ற பொருள் உண்டு. 'எங்கு பார்த்தாலும் கூட்டம்தான்' என்று நாமும் சொல்கிறோமே, அந்தத் 'தான்' போல. அங்கிருந்து 'நிறைய' என்பதற்கு ஓர் அடிதான்.

பயன்படுத்துவது எளிது. எண்ணக்கூடிய பொருளோ, பணம் நேரம் போன்றதோ, பெயர்ச்சொல்லுக்கு முன்னால் அப்படியே போடலாம், 'லாட் ஆஃப்' என்பதில் வருவதுபோல் 'ஆஃப்' (of) தேவையில்லை. பண்புச்சொல்லுக்கு முன் வந்தால் 'ரொம்ப' என்று பொருள்: 'பேர் டயர்ட்' என்றால் செம களைப்பு.

இடம் மட்டும் முக்கியம். 2013-இல் தெற்கு லண்டன் பள்ளி ஒன்று மாணவர்கள் பேசக்கூடாது என்று தடுத்த சொற்களில் இதுவும் இருந்தது. அதற்காக இதைக் கெட்ட வார்த்தை என்று நினைக்க வேண்டாம், வசைச்சொல்லே அல்ல. நண்பர்களோடு தாராளமாகச் சொல்லலாம். நேர்காணலிலும் அலுவலக மின்னஞ்சலிலும் தவிர்த்துவிடுங்கள்.