சிறுபோக வயலில் மீதேனைக் குறைக்க ஒரு ஓட்டைக் குழாயும் ஒரு தடியும்

தண்ணீர் கட்டி நிற்கிற வயலில் காலை வைத்தால் சேற்றுக்குள்ளிருந்து குமிழி கிளம்பும். அதற்குள் இருப்பது மீதேன். நிற்கிற தண்ணீர் மண்ணுக்குள் ஒட்சிசன் இறங்க விடாது. ஒட்சிசன் இல்லாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் பழைய வைக்கோலையும் வேரையும் தின்று இந்த வாயுவை விடுகின்றன. குமிழியாக வருவது கொஞ்சம்தான். பெரும்பகுதி நெற்பயிரின் தண்டுக்குள் இருக்கும் காற்றறைகள் வழியாகவே மேலே போகிறது. நூறு ஆண்டுக் கணக்கில் ஒரு கிலோ மீதேன் ஏறக்குறைய 28 கிலோ காபனீரொட்சைட்டு அளவுக்குச் சூட்டைப் பிடித்துவைக்கும்.

பூமி சூடாவதற்குப் பெரிய காரணம் நிலக்கரியும் பெற்றோலியமும்தான். அந்தப் பழியை இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் நெல் விதைக்கும் கமக்காரர் தலையில் போடவேண்டியதில்லை. ஆனால் மனிதரால் காற்றில் சேரும் மீதேனில் 8 தொடக்கம் 10 வீதம் உலகத்து நெல்வயல்களில் இருந்து வருகிறது. அதைக் குறைக்கும் அதே வேலை வாய்க்கால் தண்ணீரையும் மிச்சப்படுத்தும். குளத்து நீர் எண்ணிக் கொடுக்கப்படும் சிறுபோகத்தில் அதுவே போதுமான காரணம்.

வயலைக் காயவிட்டுக் காயவிட்டுத் தண்ணீர் கட்டுவதுதான் முறை. எவ்வளவு காயவிடலாம் என்று மேலே பார்த்துச் சொல்ல முடியாது. அதற்குத்தான் குழாய்.

நாலு இஞ்சி பி.வி.சி. பைப்பில் 30 சென்ரிமீற்றர், அதாவது ஒரு அடி, வெட்டுங்கள். அடிப்பக்கம் 20 சென்ரிமீற்றருக்குச் சுற்றிவர 5 மில்லிமீற்றர் ஓட்டைகள், இரண்டு சென்ரிமீற்றருக்கு ஒன்றாக. ட்ரில் இல்லாவிட்டால் காய்ச்சிய கம்பி போதும். ஓட்டையுள்ள பகுதி முழுவதும் மண்ணுக்குள் போகவும் 10 சென்ரிமீற்றர் மேலே தெரியவும் இறக்குங்கள். பிறகு உள்ளே ஏறிய சேற்றை அடிவரை கையால் அள்ளி எடுக்கவேண்டும். பலர் விடுகிற பிழை இதுதான்: சேறு உள்ளே இருந்தால் குழாய் எதையும் காட்டாது. வயலில் தண்ணீர் நிற்கும்போது உள்ளும் புறமும் ஒரே மட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஓட்டை அடைத்திருக்கிறது, பிடுங்கிக் கழுவுங்கள்.

இடம் முக்கியம். வரம்பிலிருந்து ஒரு மீற்றராவது தள்ளி, வயலின் சராசரி மட்டத்தில் வையுங்கள். வரம்போரம் நண்டு வளைகளால் கசிவு இருக்கும். பள்ளத்தில் வைத்தால் மேட்டுப் பயிர் வாடும்வரை குழாய் தண்ணீர் காட்டிக்கொண்டிருக்கும். மட்டப்படுத்தாத வயலில் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

ஒரு தடியில் 25 சென்ரிமீற்றரில் கோடு கீறுங்கள். குழாயின் விளிம்பிலிருந்து நீர்மட்டம் அந்தளவு கீழே போனால், மண்ணுக்குக் கீழே 15 சென்ரிமீற்றர் இறங்கிவிட்டது என்று அர்த்தம். அப்போது 5 சென்ரிமீற்றர் நிற்கும்படி தண்ணீர் கட்டுங்கள். அதுவரை மேல்மண் காய்ந்து மயிர்க்கோடாக வெடித்தாலும் பயப்படத் தேவையில்லை, வேர் கீழே குடித்துக்கொண்டிருக்கும். வெடிப்பு விரல் நுழையும் அளவுக்குப் போகவிட்டால் அடுத்த தண்ணீர் வெடிப்பு வழியே இறங்கிவிடும், மிச்சப்படுத்தியது அத்தனையும் போச்சு. இலை சுருண்டால் பிந்திவிட்டீர்கள்.

சேற்று விதைப்பில் முதல் மூன்று வாரம் இதைச் செய்யக்கூடாது. காய்ந்த வயலில் புல்லும் கோரையும் நெல்லை முந்தும். பூக்கும் காலத்துக்கு ஒரு வாரம் முன்னும் ஒரு வாரம் பின்னும் தண்ணீர் நிற்கவேண்டும், இல்லாவிட்டால் பதர் கூடும். மூன்று மாத நெல் ஏறக்குறைய 60ஆம் நாளிலும் மூன்றரை மாத நெல் 75ஆம் நாளிலும் பூக்கும்.

வாய்க்கால் முறை உங்கள் குழாய்க்காகக் காத்திருக்காது. முறை வரும் நாளில் மட்டம் 10 சென்ரிமீற்றர்தான் இறங்கியிருந்தாலும், அடுத்த முறை ஒரு வாரம் கழித்து என்றால் எடுத்துக்கொள்ளுங்கள். சிறுபோகக் கூட்டத்திலேயே ஒரே வாய்க்கால்காரர் சேர்ந்து முறை இடைவெளியைப் பேசிவைத்தால் நல்லது. காலபோகத்தில், கார்த்திகை மார்கழி மழைக்குள், வயலைக் காயவிட நினைப்பது வீண்வேலை. பூநகரிப் பக்கம் உவர் ஏறும் வயல்களிலும் வேண்டாம், காய்ந்தால் உப்பு மேலே வரும்.

யூரியாவை மட்டம் இறங்கிய மண்ணில் எறிந்து உடனே தண்ணீர் கட்டுங்கள். எறிந்துவிட்டு வயலைக் காயவிட்டால், மீதேனைவிடப் பல மடங்கு சூடு பிடிக்கும் நைத்திரசு ஒட்சைட்டு கிளம்பும். பசளைக் காசும் காற்றோடு போகும்.

மீதேனைக் குறைக்க வைக்கோலையும் கவனிக்கவேண்டும். பச்சை வைக்கோலை உழுது உடனே தண்ணீர் கட்டினால் மீதேன் கூடும். காலபோக வெட்டுக்கும் சிறுபோக விதைப்புக்கும் இடையில் ஒரு மாதம் கிடைத்தால் காய்ந்த மண்ணில் உழுதுவிடுங்கள். கிடைக்காவிட்டால் மாட்டுக்கோ கூட்டெருவுக்கோ ஏற்றுங்கள். எரிக்கவேண்டாம்.

கடைசித் தண்ணீரை வடித்ததும் குழாய்களை எண்ணிப் பிடுங்குங்கள். ஒன்று தவறினாலும் வெட்டு மெசினின் கத்தி போய் அதில் மாட்டும்.