குளிரில் இறங்கும் சுருதி: மலையூர்க் குழுக்களில் கிளாரினெட், ஃப்ளூட் ஊதுவோருக்கு

டிசம்பர் மாலை ஒத்திகைகளில் உதகை, குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துச் சர்ச் குழுக்களில் அடிக்கடி எழும் புகார் இது: கீபோர்டும் வயலினும் சேர்ந்துவிடுகின்றன, கிளாரினெட்டும் ஃப்ளூட்டும் மட்டும் கீழேயே நிற்கின்றன. பழி முதலில் ஊதுகிறவரின் உதட்டுக்குப் போகும். தப்பினால், 'உயரமான ஊர், காற்று லேசு' என்று மலைக்குப் போகும். உதகை 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் சுருதி இறங்குவதில்லை. காற்று மெலிந்தாலும் ஒலியின் வேகம் அதனால் மாறாது. இறக்குவது குளிர்தான்.

வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் குறைந்தால் குழலுக்குள் சுருதி ஏறக்குறைய 3 சென்ட் இறங்கும். அரை ஸ்வரம் என்பது 100 சென்ட். 25 டிகிரியில் சுருதி சேர்த்த கருவியை 12 டிகிரிக் கூடத்தில் எடுத்தவுடன் ஊதினால் 40 சென்ட் வரை இறங்கியிருக்கும். மூச்சின் சூட்டில் மேல்பாதி மெல்ல மீளும்; அடிப்பக்கம் கடைசிவரை குளிர்ந்தே இருப்பதால் கீழ் ஸ்வரங்கள் கூடுதலாகத் தொங்கும். வயலினின் எஃகுத் தந்தியோ குளிரில் இறுகி மேலே போகும். கீபோர்டு அசையாது. இடைவெளி இரண்டு பக்கமும் விரிகிறது.

ஆகவே சுருதி காட்டும் ட்யூனரைத் திறக்கும் முன் கருவியைச் சூடாக்குங்கள். மரக் கிளாரினெட் என்றால் அவசரம் கூடாது: மேல் பாகத்தை ஸ்வெட்டருக்குள் 10 நிமிடம் வைத்து, கன்னத்தில் தொட்டால் சில்லென்று இல்லாதபோது கோர்த்து, கீழ் ஸ்வரங்களை மெதுவாக 5 நிமிடம் ஊதுங்கள். வெளியே குளிர்ந்த மரத்துக்குள் சூடான ஈர மூச்சைத் திடீரென்று அடைத்தால் விரிசல் விழும். கணப்புப் பக்கம், ஹீட்டர் பக்கம் வைப்பதும் அதே ஆபத்து. பாட்டின் நடுவே நீண்ட ஓய்வு வந்தால் கருவி மறுபடி குளிர்ந்துவிடும். நுழைவதற்கு நான்கைந்து பார் முன்பே துளைகளை மூடிக்கொண்டு சத்தமில்லாமல் சூடான மூச்சை விட்டுக்கொண்டிருக்கவும்.

சுருதி பார்க்கக் கீபோர்டில் எஃப் கேளுங்கள். பி-ஃப்ளாட் கிளாரினெட்டில் அது விரல் எதுவும் வைக்காத ஜி. இந்த ஸ்வரத்தை ஆள்வது பேரல்தான், அதாவது ஊதுமுனைக்கும் மேல் பாகத்துக்கும் நடுவிலுள்ள குட்டைத் துண்டு. அடுத்து கீபோர்டில் சி: ஆறு விரலும் மூடி, மேல் ஸ்தாயிக்குத் தாவவைக்கும் ரெஜிஸ்டர் சாவியோடு வரும் டி. அது மட்டும் மேலே நின்றால் நடு இணைப்பை அரை மில்லிமீட்டர் இழுங்கள். ஒரே ஒரு ஏ பார்த்துவிட்டு 'சேர்ந்துவிட்டது' என்று உட்காருவதுதான் பாதி வம்புக்குக் காரணம். ட்யூனரின் முள்ளைப் பார்த்துக்கொண்டே ஊதினால் உதடு தானாகத் திருத்திவிடும். கண்ணை மூடி ஊதி, ஸ்வரம் நிலைத்த பிறகு பாருங்கள்.

சமவெளியில் பேரலைக் கொஞ்சம் இழுத்தே வைத்துப் பழகியவர்கள் இங்கே முழுக்க உள்ளே தள்ளியும் போதாமல் தவிப்பார்கள். 66 மில்லிமீட்டர் பேரலுக்குப் பதில் 65 போடலாம். அதற்கும் குட்டையானது வேண்டாம்: தொண்டைப் பகுதியின் (குழலின் மேல்முனையில் பிறக்கும்) ஜி, ஏ, பி-ஃப்ளாட் அதிகமாக ஏறும், கீழ் ஈ கொஞ்சமே ஏறும், கருவிக்குள்ளேயே சண்டை வரும். தொண்டை ஸ்வரங்கள் மேலே நின்றால் வலது கையின் இரண்டாம், மூன்றாம் விரல்களைச் சேர்த்து மூடுங்கள். சுருதியும் இறங்கும், நாதமும் தடிக்கும். குளிரில் ஊதச் சுலபமாக இருக்கட்டும் என்று மெல்லிய ரீடுக்கு (ஊதுமுனையில் அதிரும் நாணல் தகடு) மாறுவது தவறு. அது இன்னும் இறக்கும்.

ஃப்ளூட்டில் ஊதுதுளை உள்ள தலைத்துண்டான ஹெட்ஜாயின்ட்டை 1 மில்லிமீட்டர் உள்ளே தள்ளினால் ஏ சுமார் 4 சென்ட் ஏறும். முதலில் அதன் மூடிய முனைக்குள் இருக்கும் கார்க்கைப் பாருங்கள்: துடைக்கும் கம்பியின் கோடு ஊதுதுளையின் நடுவில் தெரிய வேண்டும், அதாவது கார்க்கிலிருந்து 17 மில்லிமீட்டர். அது நகர்ந்திருந்தால் மேல், கீழ் ஸ்தாயிகள் ஒன்றோடொன்று சேராது. எவ்வளவு தள்ளினாலும் பயனில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் 12 சென்ட் குறைகிறதா? கீபோர்டின் ட்யூனிங் அமைப்பில் ஏ ஸ்வரத்தின் 440 ஹெர்ட்ஸை 437 ஆக்குங்கள், வயலின்களும் அதற்கே இறங்கட்டும். கீபோர்டுக்காரர் முனகுவார். உதட்டைக் கடித்து இரண்டு மணி நேரம் தூக்கிப்பிடிப்பதைவிட இது நூறு மடங்கு மேல்.

சேர்ந்த குழுவும் பாட்டின் முடிவில் பிரியும். ஃப்ளூட் மெதுவாக ஊதினால் இறங்கும், கிளாரினெட் ஏறும். வலுத்தால் நேர்மாறு: ஃப்ளூட் ஏறும், கிளாரினெட் இறங்கும். கடைசி ஆமென் அடங்கும்போது ஒலி 'வோவ் வோவ்' என்று அலையடித்தால் காரணம் இதுதான். அலை வேகமாக அடித்தால் தூரம் அதிகம், மெதுவானால் நெருங்குகிறீர்கள். ஃப்ளூட்காரர் காற்றின் கோணத்தைச் சற்று உயர்த்தட்டும். கிளாரினெட்காரர் தாடையைத் தளர்த்தட்டும்.

மூங்கில் புல்லாங்குழலுக்கு இழுக்கத் தள்ள இணைப்பே கிடையாது. சமவெளியில் 28 டிகிரியில் துளையிட்ட 5 கட்டைக் குழல், இங்கே மார்கழி பஜனையில் 5 கட்டைக்குக் கீழேதான் பேசும். வெளிப்பக்கம் உருட்டி ஊதினால் ஏறும், ஆனால் நாதம் காற்றாகும். சுருதிப் பெட்டியின் நுண்சுருதித் திருகை இறக்கி, வயலினையும் மிருதங்கத்தையும் குழலோடு சேர்ப்பதே வழி. ஹார்மோனியம் இருந்தால் அதுவும் முடியாது. மலைக்கென்று சற்று மேலே நிற்கும் இன்னொரு குழலைச் சொல்லிச் செய்வித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு ஸ்வரம் மட்டும் திடீரென்று கொப்பளித்துப் பிசகினால் சுருதியைத் தொடாதீர்கள். துளையில் மூச்சுத் தண்ணீர் நிற்கிறது. பசையில்லாத சிகரெட் தாளைச் சாவியின் அடியில் வைத்து இரண்டு முறை அழுத்தி எடுங்கள்.