‘சாந்ததா! கோர்ட் சாலூ ஆஹே’: அமெச்சூர் குழுக்கள் சறுக்கும் இடங்கள்

விஜய் டெண்டுல்கரின் ‘சாந்ததா! கோர்ட் சாலூ ஆஹே’ (‘அமைதி! கோர்ட் நடக்கிறது’) நாடகம் 1967இல் மராத்தியில் மேடையேறியது. கதையே ஓர் அமெச்சூர் நாடகக்குழுவைப் பற்றியது. நம்மைப் பற்றித்தானே, சுலபம் என்று நினைத்து இறங்கும் குழுக்கள்தான் அதிகம் சறுக்குகின்றன.

பெரிய தவறு, முடிவை மனதில் வைத்துக்கொண்டு ஆரம்பத்திலிருந்தே நடிப்பது. இரவுக் காட்சிக்காகக் கிராமத்துக் கூடத்தில் காத்திருப்பவர்கள் பொழுதுபோகாமல் ஒரு விளையாட்டு வழக்கு நடத்துகிறார்கள். ஆசிரியை பேணாரே மீது சிசுக்கொலைக் குற்றச்சாட்டு. போகப்போக அது அவளுடைய சொந்த வாழ்க்கையைக் கிளறத் தொடங்குகிறது. வக்கீல் சுகாத்மே வந்ததுமே வில்லன் குரலில் பேசி, பேணாரேயும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றால் அப்புறம் மாறுவதற்கு என்ன மிச்சம்? நீதிபதியாக உட்காரும் காஷிகர் காது குடைவதைப் பார்த்து அரங்கம் சிரிக்க வேண்டும். உள்ளூர்க்காரர் சாமந்த்திடம் பேணாரே வாயாட வேண்டும். சிரித்தவர்களுக்குத்தான் பின்னால் உறுத்தும். ஒத்திகையில் முதல் அங்கத்துக்கே அதிக நேரம் கொடுங்கள்.

அடுத்தது தாழ்ப்பாள். தொடக்கத்தில் பேணாரேயின் விரல் அதில் நசுங்குகிறது; பிறகு அவள் தப்பிக்கப் பார்க்கும்போது கதவு வெளியே தாழிட்டிருக்கிறது. படுதாவில் கதவை வரைந்துவிட்டு ‘இழுப்பதுபோல் செய்’ என்றால் எடுபடாது. பணமில்லையா, சரி, மற்ற செட்டைக் குறையுங்கள். சத்தம் போடும் நிஜத் தாழ்ப்பாள் இருந்தே ஆகவேண்டும்.

தன் தரப்பைச் சொல்ல அவளுக்குக் கிடைப்பது பத்து விநாடி. அப்போது காலமே நின்றதுபோல் மற்றவர்கள் உறைந்து நிற்க, அவள் நீளமாகப் பேசுகிறாள். இதைக் கோர்ட்டைப் பார்த்து முழங்கக் கூடாது; அவர்கள் காதில் அது விழவே இல்லை. உறைந்தவர்களில் ஒருவர் தலையாட்டினாலும் போச்சு. பின்னணியில் வயலினும் வேண்டாம்.

அன்றிரவு அவர்கள் போட வந்தது அமெரிக்க ஜனாதிபதி ஜான்சன் மீதான வழக்கு, அணு ஆயுதம் தயாரித்ததற்காக. பழைய விஷயம் என்று இதை அமெச்சூர் குழுக்கள் வெட்டிவிடுகின்றன. உலகத்தையே விசாரிக்கக் கிளம்பியவர்கள் கூட இருக்கும் பெண்ணை என்ன செய்தார்கள் என்ற குத்தல் அதோடு போய்விடும்.

கடைசியாக, அனுமதி. கட்டணம் வாங்காமல் அமெச்சூர் சங்கம் நடத்தும் காட்சிக்கு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் விலக்கு உண்டு. டிக்கெட் விற்றால் அது பொருந்தாது. டெண்டுல்கர் இறந்தது 2008இல், உரிமை அதன்பின் 60 ஆண்டுகள் நீடிக்கும். மொழிபெயர்ப்பாளரின் உரிமை தனி, அவரிடமும் கேட்டுவிடுங்கள்.