மில்லிங் மெஷின் மோட்டாருக்கு விஎஃப்டி இணைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டை ஒட்டிய பட்டறையில் ஒருமுனை மின்சாரத்தை வைத்துக்கொண்டு பழைய மில்லிங் மெஷினை ஓட்ட விரும்புவோருக்கு விஎஃப்டி ட்ரைவ் (மின்சாரத்தின் அதிர்வெண்ணை மாற்றி மோட்டாரை ஓட்டும் கருவி) நல்ல வழி. 230 வோல்ட் ஒருமுனையை மும்முனையாக மாற்றித் தருவதோடு வேகத்தையும் அதுவே கட்டுப்படுத்துகிறது. ஆனால் அதையும் ஒரு ஸ்டார்ட்டர் என்று எண்ணி, மெஷினில் ஏற்கெனவே உள்ள வயரிங்கின் நடுவில் செருகுவதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

முதலில் பார்க்க வேண்டியது மோட்டாரின் நேம்பிளேட்டை. 230 வோல்ட் வாங்கும் சாதாரண ட்ரைவ் 230 வோல்ட் மும்முனையைத்தான் தரும். அதை 415 ஆக உயர்த்தித் தராது. மோட்டாரின் மூன்று காயில்களை இணைக்கும் இரு முறைகள்தான் ஸ்டார், டெல்டா. நேம்பிளேட்டில் டெல்டாவுக்கு 230, ஸ்டாருக்கு 400 அல்லது 415 என்று இருந்தால், டெர்மினல் பெட்டியைத் திறந்து பித்தளைப் பட்டைகளை மாற்ற வேண்டும். ஒரே வரிசையின் மூன்று முனைகளையும் குறுக்கே இணைத்திருந்தால் அது ஸ்டார். மேல் முனையையும் கீழ் முனையையும் நெடுக்காக இணைத்தால் டெல்டா. ஸ்டாரிலேயே விட்டுவிட்டால் மோட்டார் வெறுமனே நன்றாகத்தான் சுற்றும், ஆனால் முறுக்குவிசை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடுவதால், கட்டர் இரும்பில் இறங்கியதும் திணறி நிற்கும். பழி பெரும்பாலும் ட்ரைவ் மீது விழும். டெல்டாவிலேயே 415 என்று எழுதிய மோட்டாருக்கு இந்த வழி உதவாது. சில சிறிய மோட்டார்களில் ஸ்டார் முடிச்சு காயிலுக்குள்ளேயே இருக்க, வெளியே மூன்று வயர்கள் மட்டும் வரும். அவற்றை வைண்டிங் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

அடுத்தது, ட்ரைவுக்கும் மோட்டாருக்கும் இடையில் எதையும் வைப்பது. மெஷினின் பழைய ஃபார்வர்டு–ரிவர்ஸ் சுவிட்சை அப்படியே விட்டு, அதற்கு முன்னால் ட்ரைவை மாட்டுபவர்கள் பலர். ஓடும்போது அந்தச் சுவிட்சைத் திருப்பினால் ட்ரைவ் டிரிப் ஆகும், சில வேளை உள்ளிருக்கும் டிரான்சிஸ்டர்களே போய்விடும். ட்ரைவின் வெளியீடான யு, வி, டபிள்யூ முனைகளிலிருந்து கேபிள் நேராக மோட்டாருக்குச் செல்ல வேண்டும். திசை மாற்றத்தை ட்ரைவின் கன்ட்ரோல் முனைகளில் செய்துகொள்ளலாம். ஸ்டார்–டெல்டா ஸ்டார்ட்டர், பவர் ஃபேக்டர் கெப்பாசிட்டர் எது இருந்தாலும் கழற்றிவிட வேண்டும். கூலன்ட் பம்பு, விளக்கு, கன்ட்ரோல் டிரான்ஸ்ஃபார்மர் ஆகியவற்றை ட்ரைவின் வெளியீட்டில் கோக்கக் கூடாது, ஏனெனில் அங்கு வருவது வீட்டு மின்சாரம் போன்ற சீரான அலை அன்று, வேகமாக வெட்டப்பட்ட துடிப்புகள்.

வரும் மின்சாரத்தை யு, வி, டபிள்யூவில் கொடுத்துவிட்டால் பெரும்பாலும் ட்ரைவ் அத்துடன் முடிந்தது. இணைப்பை மாற்ற மறுபடி திறக்கும்போது, மெயினை நிறுத்திய உடனே கையை விடக் கூடாது. உள்ளே கெப்பாசிட்டரில் சுமார் 325 வோல்ட் டிசி தேங்கியிருக்கும். கையேடு சொல்லும் நேரம் வரை காத்திருந்து, மீட்டரால் அளந்த பிறகே தொட வேண்டும். மோட்டாரை மெக்கர் (இன்சுலேஷனை அளக்கும் மீட்டர்) வைத்துச் சோதிப்பதானால் ட்ரைவிலிருந்து வயர்களைக் கழற்றிவிடவும்.

மோட்டார் உடலின் எர்த் வயர் ட்ரைவின் எர்த் முனைக்கே நேராக வர வேண்டும். கன்ட்ரோல் வயர்களை மோட்டார் கேபிளோடு சேர்த்துக் கட்டினால் வேகம் தானாக ஏறி இறங்கும்.

நம் ஊர் மின்வெட்டை மறந்துவிடுவதும் ஆபத்தான தவறு. ஓட்டும் கட்டளையைச் சாதாரண ஆன்–ஆஃப் சுவிட்சில் கொடுத்திருந்தால், மின்சாரம் போய்த் திரும்பும்போது, கட்டரைக் கழற்றிக்கொண்டிருப்பவரின் கையோடு ஸ்பிண்டில் சுழலத் தொடங்கலாம். அழுத்தி விடும் ஸ்டார்ட், ஸ்டாப் பட்டன்களை வைத்து, தானாகத் தொடங்கும் வசதியை அணைத்துவிட வேண்டும்.

வேகத்தை ட்ரைவிலேயே மாற்றலாம் என்று பெல்ட்டையும் கியரையும் ஒதுக்குவதும் சரியன்று. 50 ஹெர்ட்ஸுக்கான 2 ஹெச்பி மோட்டாரை 10 ஹெர்ட்ஸில் ஓட்டினால் கிடைப்பது சுமார் 0.4 ஹெச்பிதான், மோட்டார் அச்சிலேயே உள்ள விசிறியும் மெதுவாகச் சுற்றுவதால் சூடு ஏறும். பெரிய கட்டருக்குப் பேக் கியரை (ஸ்பிண்டிலின் வேகத்தைக் குறைத்து முறுக்குவிசையைக் கூட்டும் கியர்) போட்டு, ட்ரைவை 50 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வதே நல்லது. டரட் வகை மில்லிங் மெஷின்கள் பலவற்றில் பேக் கியர் போட்டதும் ஸ்பிண்டிலின் திசை மாறும். ஆகவே முதல் ஓட்டத்தில் கட்டர் இல்லாமல் இரண்டு நிலைகளிலும் திசையைப் பார்த்துக் குறித்துவைத்துக்கொள்ளவும்.