மாடியில் சோலார் போடும்முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"வீட்டுக்கு சோலார் போடலாம்னு இருக்கேன், 3 கிலோவாட்டுக்கு எவ்வளவு ஆகும்?" தெரிந்தவர்கள் யார் கேட்டாலும் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். 2024 பிப்ரவரியில் பிரதமரின் சூர்ய கர் திட்டம் வந்து, 1 கிலோவாட்டுக்கு 30,000, 2-க்கு 60,000, 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேல் போட்டாலும் 78,000 ரூபாய் மானியம் என்று அறிவித்த பிறகு இந்தக் கேள்வி இன்னும் அதிகமாகிவிட்டது. நல்ல விஷயம்தான். ஆனால் விலையில் ஆரம்பிப்பதுதான் முதல் தவறு. முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது உங்கள் வீட்டு இபி ரீடிங்.

கடைசி ஆறு ரீடிங்கை, அதாவது ஒரு வருடக் கணக்கை, ஒரு தாளில் எழுதுங்கள். நம் ஊர் வெயிலுக்கு 1 கிலோவாட் பேனல் சராசரியாக ஒரு நாளைக்கு 4 யூனிட் தரும், இரண்டு மாதத்துக்கு 240 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதால், 200 யூனிட் செலவாகிற வீட்டுக்கு பில்லே சில நூறு ரூபாய்தான் வரும். அந்த வீட்டுக்குக் கடன் வாங்கி 3 கிலோவாட் போடுவதில் அர்த்தமே இல்லை. 800 யூனிட் ஓடும் வீட்டின் கதை வேறு. 500-ஐத் தாண்டிவிட்டால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழே இருக்கும் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கும் விலை ஏறிவிடும். அங்கே 2 கிலோவாட் போட்டு 480 யூனிட்டைக் கழித்தால் மீதி 320. பில் எந்த அளவுக்கு விழும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். மானியம் 78,000 முழுசாகக் கிடைக்கிறதே என்பதற்காக 3 கிலோவாட்டுக்குப் போகிறவர்கள்தான் அதிகம், தேவை 2-ஆக இருந்தாலும்.

அந்த பில்லிலேயே இன்னும் இரண்டு விஷயம் பார்த்துவிடுங்கள். சாங்ஷன் லோடு (உங்கள் இணைப்புக்கு இபி அனுமதித்திருக்கும் அளவு) எத்தனை கிலோவாட், இணைப்பு யார் பெயரில் இருக்கிறது. தாத்தா போய்ப் பத்து வருடம் ஆகியிருக்கும், மீட்டர் இன்னும் அவர் பெயரில்தான் ஓடிக்கொண்டிருக்கும். விண்ணப்பம், வங்கிக் கணக்கு, இணைப்பு எல்லாம் ஒரே பெயரில் இல்லையென்றால் மானியம் அங்கேயே நின்றுவிடும். பெயர் மாற்றத்தை முதலிலேயே முடித்துவிடுங்கள்.

அடுத்தது, நிறையப் பேர் மனம் நொந்துபோகிற இடம். "சோலார் போட்டாச்சு, இனி கரண்ட் கட்டானாலும் கவலை இல்லை" என்று நினைத்திருப்பார்கள். முதல் தடவை கரண்ட் போகும்போது, சுள்ளென்று வெயில் அடிக்கும் மத்தியானத்தில், பேனலும் சேர்ந்து நின்றுபோகும். பழுதென்று நினைத்து போன் மேல் போன் போடுவார்கள். அது பழுதில்லை. சாதாரண ஆன்-கிரிட் இன்வெர்ட்டர், அதாவது பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றி இபி லைனோடு சேர்க்கும் பெட்டி, லைனில் கரண்ட் இல்லையென்று தெரிந்த உடனே தானாக நின்றுவிட வேண்டும். நிற்காவிட்டால் உங்கள் மாடியிலிருந்து போகும் கரண்ட், கம்பத்தில் ஏறி வேலை செய்துகொண்டிருக்கும் லைன்மேன் உயிருக்கே ஆபத்தாகிவிடும். கரண்ட் கட்டுதான் உங்கள் பெரிய தொல்லை என்றால் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேண்டும். செலவு கூடும், ஆனால் பேட்டரிக்காக மானியம் அதிகமாகக் கிடைக்காது. இதை ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே முடிவு செய்யுங்கள்.

சரி, இப்போது மாடிக்குப் போவோம். எனக்குத் தெரிந்து அதிகமாக நடக்கிற, அதிகமாக இழப்பு தருகிற தவறு நிழல்தான். என் சித்தப்பா வீட்டில் நடந்தது இது. கம்பெனி ஆள் வந்து பார்த்தது வைகாசி மாதம், மத்தியானம் பன்னிரண்டரை மணி. தளம் காலை வைக்க முடியாதபடி கொதிக்கிறது, ஒரு பொட்டு நிழல் இல்லை. "சூப்பர் இடம் சார்" என்று சொல்லி, தண்ணீர்த் தொட்டிக்கு வடக்கே ஆறு பேனல் போட்டுவிட்டுப் போனார்கள். கார்த்திகை பிறந்ததும் கதை மாறியது. தொட்டியின் நிழல் முதல் பேனலில் ஏறி உட்கார்ந்தது. மார்கழியில் காலை எட்டரை மணிக்குப் போய் நின்று பார்த்தேன், பக்கத்து வீட்டுத் தென்னை ஓலையின் நிழல் சீப்புப் பல் போல ஒவ்வொரு பேனலாக வருடிக்கொண்டு போகிறது. பொங்கல் தாண்டும் வரை அப்படித்தான் இருந்தது.

காரணம் இதுதான். சித்திரையில் சூரியன் நம் தலைக்கு நேரே வந்துவிடும், அதற்குப் பிறகு ஆவணி வரை உச்சிப் பொழுதில் கொஞ்சம் வடக்கேதான் இருக்கும். மார்கழியில் நன்றாகத் தெற்கே சாய்ந்துவிடும், நிழல்கள் வடக்கே நீளும். கோடையில் வந்து பார்த்துவிட்டு இடம் குறிக்கிறவருக்கு இது கண்ணில் படாது. ஒரு பேனல் மேல்தானே நிழல் என்றும் விட முடியாது. பேனல்கள் வரிசையாக ஒன்றோடு ஒன்று கோக்கப்பட்டவை, வயலுக்குப் போகிற ஒரே ஹோஸை ஓரிடத்தில் மிதித்தால் முனையில் தண்ணீர் குறைகிற மாதிரிதான் இதுவும். நிழல் விழுந்த பகுதியைத் தாண்டிக் கரண்டை விடுகிற பைபாஸ் டயோடு பேனலுக்கு உள்ளே இருக்கிறது, அது ஓரளவு காப்பாற்றும், முழுசாகக் காப்பாற்றாது. அதனால் கம்பெனி ஆளிடம் "டிசம்பர் மாசம் காலை ஒன்பது மணிக்கும் சாயங்காலம் மூன்று மணிக்கும் நிழல் எங்கே விழும்?" என்று கேளுங்கள். அதைக் கணக்கிட்டுக் காட்ட மென்பொருள் இருக்கிறது. காட்ட மாட்டேன் என்கிறவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். தொட்டியை நகர்த்த முடிந்தால் நகர்த்துங்கள், பேனலை வாங்கிய பிறகு நகர்த்துவதைவிட அது மலிவு.

வெயில் ஏற ஏற கரண்டும் ஏறும் என்பது இன்னொரு தவறான நம்பிக்கை. பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு இல்லை. அதன் மேல் எழுதியிருக்கும் வாட் அளவு 25 டிகிரியில் சோதித்தது. மே மாதத்தில் பேனல் 60 டிகிரியைத் தொடும், ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் வரை குறையும், அப்படிப் பார்த்தால் பத்து சதவீதத்துக்கு மேல் அங்கேயே போய்விடுகிறது. தகரக் கூரையோடு ஒட்டிப் பொருத்தினால் இன்னும் மோசம். அடியில் காற்று ஓட இடம் விடச் சொல்லுங்கள். பல வீடுகளில் மாசி, பங்குனியில்தான் நல்ல உற்பத்தி வரும். அதே மாதிரி ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் உற்பத்தி படுத்துவிடும். அந்த பில்லைப் பார்த்து ஏமாந்துவிட்டோமோ என்று பதற வேண்டாம், எப்போதும் வருடக் கணக்காகப் பாருங்கள்.

ஸ்டாண்ட் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடவே கூடாது. வர்தா, கஜா எல்லாம் நாம் பார்த்த புயல்கள்தான். பேனல் காற்றுக்குப் பாய்மரம் மாதிரி. ஹாட் டிப் கால்வனைஸ் செய்த (துரு பிடிக்காமல் துத்தநாகம் பூசிய) இரும்பு, அல்லது அலுமினியம், கடற்கரைப் பக்கம் என்றால் நட்டும் போல்ட்டும்கூட ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். தட்டோடு பதித்த தளத்தில் நேராகத் துளை போட்டு போல்ட் இறக்கினால் அடுத்த மழையில் கீழே படுக்கையறைச் சுவரில் ஈரம் தெரியும். கான்கிரீட் கட்டை கட்டி அதன் மேல் நிறுத்தச் சொல்லுங்கள். எர்த்திங்கையும் இடிதாங்கியையும் "அப்புறம் பாத்துக்கலாம்" என்று விடாதீர்கள்.

பணத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. மானியம் உங்கள் வங்கிக் கணக்குக்குத்தான் வரும், அதுவும் எல்லாம் பொருத்தி, ஆய்வு முடிந்த பிறகு. முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுத்துவிடாதீர்கள். திட்டத்தில் பதிவு செய்த கம்பெனியா என்று பாருங்கள். மானியத்துக்கு இந்தியாவில் செய்த செல் உள்ள, டிசிஆர் என்று சொல்கிற பேனல்தான் செல்லும். விலை குறைவு என்று வேறு பேனலை மாட்டிவிட்டுப் போனால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

எல்லாம் பொருத்தியாகிவிட்டது, நெட் மீட்டர் (உள்ளே வரும் கரண்டையும் வெளியே போகும் கரண்டையும் தனித்தனியாக அளக்கும் மீட்டர்) வர நாளாகிறது, "சும்மா ஆன் பண்ணிப் பார்ப்போமே" என்று தோன்றும். செய்யாதீர்கள். அனுமதியில்லாமல் லைனில் கரண்ட் விடக்கூடாது. அதோடு, பழைய மீட்டர்கள் பலவற்றுக்குக் கரண்ட் உள்ளே வருகிறதா வெளியே போகிறதா என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. நீங்கள் வெளியே அனுப்பிய யூனிட்டையும் நீங்கள் செலவு செய்ததாக எழுதிவிடும்.

பிறகு பராமரிப்பு. அதிகாலையிலோ சாயங்காலமோ வெறும் தண்ணீரும் மென்மையான துணியும் போதும். கொதிக்கிற கண்ணாடியில் மத்தியானம் தண்ணீர் ஊற்றாதீர்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாகக் கறை படியும், துடைத்தாலும் போகாது. அப்புறம், உற்பத்தி எவ்வளவு என்று காட்டும் மொபைல் ஆப்பை உங்கள் போனிலேயே போட்டு வாங்குங்கள். சித்தப்பா வீட்டில் ஒரு இடிமழை ராத்திரி எம்சிபி (கோளாறு என்றால் தானாக விழும் சுவிட்ச்) விழுந்துவிட்டது. மூன்று வாரம் யாரும் கவனிக்கவில்லை. மேலே தூக்கிவிட வேண்டிய ஒரு சுவிட்ச், அவ்வளவுதான்.

கடைசியாக, எனக்கு மனசுக்குக் கஷ்டமாக இருக்கிற ஒன்று. சோலார் வந்த மறுமாதமே இரண்டாவது ஏசி வாங்குகிறவர்களைப் பார்க்கிறேன். "நம்ம கரண்ட்தானே" என்கிறார்கள். பகலில் சரி. ராத்திரி பத்து மணிக்கு அந்த ஏசிக்கு வரும் கரண்டில் பெரும்பங்கு அனல்மின் நிலையங்களில் நிலக்கரி எரித்து வருவது. எண்ணூரில் கொசஸ்தலையாற்றில் படிந்திருக்கும் சாம்பலை ஒரு தடவை நேரில் பார்த்தவர்கள் பில் பூஜ்யம் ஆனதோடு வேலை முடிந்தது என்று நினைக்க மாட்டார்கள். தண்ணீர் மோட்டார், வாஷிங் மெஷின், அயர்ன் பாக்ஸ் எல்லாவற்றையும் காலை பத்துக்கு மேல், மூன்று மணிக்குள் ஓட்டப் பழகுங்கள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மாவு ஆட்டிக்கொண்டிருந்த சித்தி இப்போது காலையில் அரிசியை ஊறவைத்து, பகல் ஒரு மணிக்குத்தான் கிரைண்டரைப் போடுகிறார்.